நிலவறைத் தளத்தில் சூடு தங்க என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் நிலவறையின் கான்கிரீட் தளம் எந்நேரமும் சில்லென்று இருக்கிறது. அதன்மேல் சூடேற்றும் மின்கேபிளைப் பதித்து டைல்ஸ் ஒட்ட எண்ணியுள்ளேன். வெப்பம் மேல்நோக்கித்தானே செல்லும், அடியில் வெப்பக்காப்பு எதற்கு என்கிறார் கொத்தனார். கடைக்காரரோ பளபளப்பான மெல்லிய படலத்தை விரித்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. மேலே எழுவது சூடான காற்று. கான்கிரீட் போன்ற திடப்பொருளுக்குள் வெப்பம் மேல், கீழ் என்று பார்ப்பதில்லை, எந்தப் பக்கம் குளிர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். தளத்துக்கு அடியில் குளிர்ந்த மண் இருக்கும்வரை, நீங்கள் காசு கொடுத்து உண்டாக்கும் சூட்டில் கணிசமான பங்கு அதற்குள்தான் இறங்கும். படலம் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் என்பது மெய்யே. ஆனால் அதையொட்டிக் காற்று இடைவெளி இருந்தால்தான் அது நடக்கும். கலவைக்குள் புதைந்துபோன பளபளப்பால் பயனில்லை.

ஆகவே அடியில் வெப்பக்காப்புப் பலகை வேண்டும். அதை வாங்குவதற்கு முன் தளத்தின் ஓதத்தைச் சோதியுங்கள்; பலரும் இதைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு தளத்தையே பெயர்க்கிறார்கள். 45 செ.மீ. சதுரப் பாலித்தீன் தாளைத் தளத்தில் பரப்பி, நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் துளித்துளியாக வியர்த்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கருத்திருந்தாலோ, கான்கிரீட்டுக்குள் ஈரம் இருக்கிறது. சுவரோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதும் ஈரத்தின் அடையாளமே. பாலித்தீன் விரிப்பு கீழிருந்து வரும் ஆவியைத் தடுக்கும். ஊற்றெடுக்கும் நீரைத் தடுக்காது. மழைக்குப் பின் தண்ணீர் தேங்கும் அறையென்றால், வடிகாலைச் சரிசெய்யும்வரை பொறுத்திருங்கள்.

தளம் காய்ந்ததும், மேடுபள்ளத்தை மட்டம் செய்து, பாலித்தீன் தாளை 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு விரித்து ஒட்டுங்கள். அதன்மேல் தரைக்கென்றே தயாராகும் எக்ஸ்.பி.எஸ். (கெட்டியான பாலிஸ்டைரீன் நுரை) பலகையை 5 செ.மீ. கனத்தில் இடைவெளியின்றி அடுக்குங்கள். இது 2 மீட்டர் கான்கிரீட்டுக்கு நிகராக வெப்பத்தை மறிக்கும். சாமான் பெட்டிகளில் வரும் இலேசான தெர்மோகோல் பாரத்தில் நசுங்கி, டைல்ஸ் இணைப்புகளைப் பிளந்துவிடும். சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஒரு மெல்லிய பட்டையை நிறுத்தி வையுங்கள். சூட்டில் விரியும் கலவைக்கு இடம் கிடைக்கும், சுவர் வழியே வெப்பம் கசிவதும் குறையும்.

கேள்வி: பலகையின் மேலேயே கேபிளை விரித்துவிடலாமா? கூரை ஏற்கெனவே தாழ்வு.

பதில்: வெற்றுப் பலகையின் மேல் வேண்டாம். கேபிளின் முழு நீளமும் கலவைக்குள் புதைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடு பரவ வழியின்றி அந்த இடத்திலேயே தேங்கி, பலகை இளகும், கேபிளும் கெடும். உயரம் போதாதென்றால், இருபுறமும் சிமென்ட் பூசிய 1 செ.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகையை ஒட்டி அதன்மேல் கேபிளைப் பதியுங்கள், 5 செ.மீ. பலகைக்கு அது ஈடாகாது, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். கேபிளைப் பிரித்தவுடனும், விரித்த பின்பும், டைல்ஸ் ஒட்டிய பின்பும் மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து, கேபிளோடு வரும் சீட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். கரணையின் விளிம்பு பட்டுக் கேபிள் அறுந்திருந்தால், கலவை ஈரமாக இருக்கும்போதே தெரிந்துவிடும். கனமான சிமென்ட் பூச்சுப் போட்டிருந்தால், குறைந்தது 21 நாள் கழியும்வரை சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள்.