திண்டை விட்டுக்கொடுக்காதீர்கள்

கேள்வி: புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ‘ஜன்னலுக்குக் கீழே திண்டு எதற்கு? தூசிதான் சேரும். சுவரோடு சமமாகப் பூசிவிட்டால் எடுப்பாக இருக்கும்’ என்கிறார் மேஸ்திரி. அவர் சொல்வது சரிதானா?

பதில்: சரியில்லை, ஒப்புக்கொள்ளாதீர்கள். தூசியைத் துணியால் துடைத்துவிடலாம். சுவருக்குள் இறங்கிய தண்ணீரை என்ன செய்வீர்கள்?

சுவரில் விழும் மழையில் கொஞ்சமாவது ஊறிப்போகும். கண்ணாடி எதையும் உறிஞ்சாது. விழுந்தது அத்தனையும் வழிந்து ஜன்னலின் அடிக்கு வந்து சேரும். அதைத் தள்ளிவிட அங்கே திண்டு இல்லையென்றால், சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவிலுள்ள மயிரிழை விரிசலில் புகுந்துவிடும். பிறகு உள்சுவரில் பெயிண்ட் உப்பும். மரச்சட்டமானால் அடிக்கட்டை மக்கும்.

பேருக்கு ஒரு பலகையை வைத்தாலும் பயனில்லை. அது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற வாட்டம் போதும். சுவரைத் தாண்டி 2 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். நீண்ட பகுதியின் அடியில், முனையை ஒட்டி, நீளவாக்கில் ஒரு சிறு காடி, அதாவது கோடுபோன்ற பள்ளம், வேண்டும். இந்தக் காடியை விட்டுவிடுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் சொட்டிவிடும் என்று நினைக்கிறார்கள். சொட்டாது, பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டே ஊர்ந்து சுவருக்குத் திரும்பும். காடி குறுக்கே இருந்தால்தான் தாண்ட முடியாமல் கீழே விழும். கிரானைட் போடுவதானால் கல்லை அறுக்கும்போதே காடியும் இழுத்துத் தரச் சொல்லுங்கள்.

உள்திண்டின் அகலம் சட்டத்தைச் சுவரில் எங்கே பொருத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை இப்போதே பேசிவிடுங்கள், புத்தகமோ பூந்தொட்டியோ வைக்க இடம் கிடைக்கும். உயரம் வழக்கமாக 3 அடி. ஆனால் வயதானவர் படுக்கும் அறையில் அதை 2 அடிக்கு இறக்கச் சொல்வேன். படுத்திருப்பவருக்கு 3 அடித் திண்டு தெருவை மறைத்துவிடும். நாள் முழுக்க வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கிடப்பது கொடுமை. தாழ்த்தினால் கம்பி கட்டாயம், மாடியில் கேட்கவே வேண்டாம். குழந்தைகள் ஏறுவார்கள்.

வேலை முடிந்து கலவை நன்றாகக் காய்ந்த பிறகு, மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திண்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே சுவர் நனைந்தால் கூலியைக் கணக்குத் தீர்க்குமுன் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.