ஓரம் யாருக்கு?

கேள்வி: மீந்துபோன பிரட்டில் க்ரூட்டான்ஸ் (சூப்பில் போடும் மொறுமொறு பிரட் துண்டுகள்) செய்கிறேன். தவாவில் வெண்ணெய் விட்டு வறுத்தால் வெளியே கருகுகிறது, உள்ளே மெத்தென்று இருக்கிறது. டப்பாவில் போட்டால் மறுநாளே நமத்துவிடுகிறது. ஒரே அளவாக வரவேண்டும் என்று ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் செய்கிறேன் (ஓரம் வீணாவதில்லை, மாமியார் டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிடுவார்). பிள்ளைகளுக்கு இது இல்லாமல் சூப் இறங்காது. என்ன செய்யட்டும்?
- வாசகி, திருச்சி

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஓரம் 'வீணாவதில்லை' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், மாமியாருக்குப் பிடிக்கும் என்று எழுதவில்லை. இதே கதையை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். நேற்றைய குழம்பு, அடிப்பிடித்த சோறு, பிய்ந்துபோன இட்லி எல்லாம் வீட்டில் ஒரே ஒருவர் தட்டுக்குத்தான் போகும், கேட்டால் "அவங்களே எடுத்துக்குவாங்க" என்பார்கள். எடுத்துக்கொள்ளத்தான் செய்வார், காலமெல்லாம் மற்றவர்களுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகியவர் வேறு என்ன செய்வார்? அவர் வாய் திறக்கவில்லை என்பதற்காக அதைச் சம்மதம் என்று நீங்கள் வைத்துக்கொள்வது தப்பு. டீயில் நனைப்பது ருசிக்காகவா, பல்லுக்கு முடியாமலா என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? நடுப்பகுதி தங்களுக்கு, வெட்டிப்போட்டது பாட்டிக்கு என்பதை உங்கள் பிள்ளைகள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரியவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதை அவர்கள் வேறெங்கே போய்க் கற்பார்கள்?

ஆகவே ஓரத்தை வெட்டாதீர்கள். பலகாரத்துக்கும் அதுதான் நல்லது, ஏனென்றால் ஓரத்தில் ஈரம் குறைவு, மொறுமொறுப்பு அங்கேதான் சீக்கிரம் வரும்.

உங்கள் பிரட் கருகுவதற்குத் தீயும் வெண்ணெயும் காரணம். மில்க் பிரட்டாக இருந்தால் அதிலிருக்கும் சர்க்கரையும் சேர்ந்துகொண்டு, உள்ளே காய்வதற்குள் வெளியே சிவந்துவிடும். இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டி, தட்டில் பரப்பி ஃபேனுக்கடியில் சில மணி நேரம் உலரவிடுங்கள். நாலு ஸ்லைஸுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயோ உருக்கிய நெய்யோ போதும். பூண்டு வாசனை வேண்டுமென்றால் இரண்டு பல்லைத் தட்டி அந்த எண்ணெயில் லேசாகச் சூடாக்கி எடுத்துவிடுங்கள், நறுக்கிப் போட்டால் அது முதலில் கருகிக் கசக்கும். எண்ணெயில் புரட்டிய துண்டுகளைத் தவாவில் நெருக்காமல் பரப்பி, சின்னத் தீயில் கால் மணி நேரம் கிளறிக் கிளறி வறுங்கள். ஓவன் இருந்தால் 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள், உள்ளே அமுங்கினால் இன்னும் ஆகவில்லை. அப்புறம் டப்பா. கைக்குத் துளி வெதுவெதுப்புகூடத் தெரியாத அளவுக்கு ஆறினபிறகுதான் மூட வேண்டும், நீங்கள் சூட்டோடு மூடியிருப்பீர்கள், அந்த ஆவிதான் நமத்துப்போக வைக்கிறது. பிரட்டில் பூசணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தப் பாக்கெட்டையே எறிந்துவிடுங்கள். கிள்ளிவிட்டு மீதியை யாருக்கும், மாமியாருக்கும்தான், கொடுக்காதீர்கள்.

சூப் வைக்கும்போது முதல் கிண்ணம் அவருக்கு. மெல்ல முடியவில்லை என்று சொன்னால், துண்டுகளை முதலில் போட்டு மேலே சூடாகச் சூப்பை ஊற்றி இரண்டு நிமிடம் ஊறவிட்டுக் கொடுங்கள். எனக்கு டீயோடுதான் வேண்டும் என்று அவரே சொன்னால் சரி, முழு ஸ்லைஸாகக் கொடுங்கள்.