ஏழு படிகளும் அப்பாவின் சக்கர நாற்காலியும்

கேள்வி: பக்கவாதத்தின் பின் சக்கர நாற்காலியில் இருக்கும் என் அப்பாவை, கொழும்பில் ஆங்கிலேயர் காலத்துப் பொது மண்டபம் ஒன்றில் நடந்த கச்சேரிக்கு அழைத்துச் சென்றோம். வாசலில் ஏழு படிகள். காவலாளிகள் இருவர் நாற்காலியோடு தூக்கி ஏற்றும்போது ஒரு பக்கம் சரிந்துவிட, அப்பா என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். சரிவுப்பாதை இல்லையா என்று கேட்டதற்கு, "இது புராதனக் கட்டடம், கை வைக்க முடியாது" என்றார்கள். அது சரியா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: சரியல்ல. பழைய கட்டடம் வேறு, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் வேறு. இரண்டாவது வகையானாலும், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் கேட்பது, மாற்றம் செய்யுமுன் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்பதையே. அனுமதி கேட்டுப் பார்க்காமலேயே முடியாது என்று சொல்லிவிடுவதற்கு அதில் இடமில்லை. மறுபுறம், இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லக்கூடிய எந்தக் கட்டடத்திலும் இயலாமையைக் காரணங்காட்டி ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ விதிக்கக் கூடாது என்கிறது. அணுகல் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், அவற்றைப் பின்பற்றுமாறு உயர் நீதிமன்றம் 2011இல் கட்டளையிட்டது.

இனி அந்த ஏழு படிகளுக்கு வருவோம். ஒரு படி 15 சென்ரிமீற்றர் என்று வைத்தால் மொத்த உயரம் 105 சென்ரிமீற்றர். 1:12 என்ற சரிவில், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கில், அதற்குப் பாதை மட்டும் 12.6 மீற்றர் வேண்டும். நடுவே இளைப்பாறச் சமதளம் ஒன்றும் தேவை. வாசலில் இரண்டு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வசதி செய்துவிட்டோம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அவ்வளவு நீளம் முகப்பில் பொருந்தாவிட்டால், நிலமட்டம் உயர்ந்திருக்கும் பக்கவாசலைத் தேடலாம். ஆனால் அது குப்பைத் தொட்டிகளைக் கடந்து சமையலறை வழியாகப் போகும் வாசலாக இருக்கக் கூடாது, எல்லோருமே உள்ளே வரக்கூடிய வாசலாக இருக்க வேண்டும். சுவரில் ஆணி அறையாமல், பழைய தரையின்மேல் தனியே நிற்கும் இரும்புச் சட்டகத்தில் சரிவுப்பாதையை அமைத்தால், பின்னர் கழற்றும்போது கல்லில் வடு இராது. பழைய கட்டடங்களைப் பேணிப் பாதுகாக்கும் துறையினர் விரும்புவதும் இத்தகைய மீளக்கூடிய மாற்றங்களையே. இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் திறந்துவைக்கும் பழக்கத்தைக் கைவிட்டால், பல மண்டபங்களில் செலவே இல்லாமல் நாற்காலி உள்ளே போய்விடும். கழிவறையை மறந்துவிடாதீர்கள், கச்சேரி மூன்று மணி நேரம் நடக்கும்.

தூக்கிச் செல்வதை உதவி என்று காவலாளிகள் நல்லெண்ணத்தோடு நினைத்திருப்பார்கள். அவர்களிடம் கோபிக்க வேண்டாம். மண்டப நிர்வாகத்துக்கு எழுத்தில், கட்டடம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நினைவுச்சின்னமா, சரிவுப்பாதைக்கு எப்போதாவது அனுமதி கோரப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதையே அரச நிறுவனம் ஒன்றிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.