இரண்டாவது சரணத்தில் நின்றுபோகும் கதை

வணக்கம்.

அமெரிக்காவின் கிராமியச் சாயல் கொண்ட கன்ட்ரி பாடல்களைக் கேட்டு, அதே பாணியில் தமிழில் ஒரு கதைப்பாட்டு எழுதிப் பார்க்கிறேன். நாமக்கல்லில் ஓர் அப்பா கடனுக்காக லாரியை விற்கிறார்; மகன் பாடுகிறான். ‘வண்டி போயிருச்சு, அப்பா வாசல்ல நிக்கிறாரு’ என்பது பல்லவி. முதல் சரணம் வந்துவிட்டது. இரண்டாவதில் எதை எழுதினாலும் முதல் சரணத்தையே திருப்பிச் சொன்ன மாதிரி இருக்கிறது. மூன்றாம் தடவை பல்லவி வரும்போது எனக்கே அலுக்கிறது. எங்கே தப்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தப்பு உங்கள் பல்லவியில். வண்டி போன சேதியை முதல் நிமிடத்திலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள். அதன்பிறகு இரண்டாவது சரணம் வருத்தப்படுவதைத் தவிர வேறென்ன செய்யும்?

கதைப்பாட்டில் பல்லவியின் கடைசி வரியை முதலில் பிடியுங்கள். அது முடிவைச் சொல்லக்கூடாது. கதையின் ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் வாயில் இயல்பாக வரவேண்டும். டிம் மெக்ரா 1994-இல் பாடிய ‘டோன்ட் டேக் த கேர்ள்’ (‘அவளைக் கூட்டிப் போகாதே’) இதற்குப் பாடம் மாதிரி. மீன் பிடிக்கப் போகையில் அந்தப் பெண்ணைக் கூட்டி வராதீர்கள் என்று எட்டு வயதுப் பையன் அப்பாவிடம் அடம்பிடிக்கிறான். பத்து வருஷம் கழித்து அவள் கையைப் பிடித்திழுக்கும் துப்பாக்கிக்காரனிடம் கெஞ்சுகிறான். இன்னும் ஐந்து வருஷத்தில், அவள் பிள்ளை பெற்றுச் சாகக்கிடக்கும்போது கடவுளிடம். வரி ஒன்றுதான். அப்பா, திருடன், கடவுள் என்று கேட்கும் ஆள் மாறிக்கொண்டே போகிறார். காலத் தாவலுக்கு அரை வரிக்குமேல் செலவழிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் கதையில் அந்த வேலையைச் சாவி செய்யும். ‘சாவி உன்கிட்டயே இருக்கட்டும்’ என்று வைத்துப் பாருங்கள். முதல் லோடு இறக்கிவிட்டு வந்த மகன் சாவியை நீட்டுகிறான்; அப்பா பெருமையாக இதைச் சொல்கிறார். இரண்டாவதில் வாங்க வந்தவர் நிற்கிறார், சாவியைக் கொடுக்க அப்பாவுக்குக் கை வரவில்லை. அதே வரி, இப்போது ‘நீயே குடுத்துரு’ என்று பொருள். மூன்றாவதில், வாங்கியவர் மாற்றுச் சாவி கேட்டு போன் செய்கிறார். அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. மகன் சொல்கிறான்: ‘சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.’

முடிவைப் பல்லவியில்தான் சொல்லியாக வேண்டுமென்றால் அதைத் தள்ளிப்போட வேண்டும். பாபி பிராடக்கும் கர்லி புட்மனும் எழுதி ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-இல் பாடிய ‘ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே’ (‘அவளைக் காதலிப்பதை அவன் இன்று நிறுத்திவிட்டான்’) பாட்டில் நாலு நாலு வரியாக நான்கு பத்தி போன பிறகே பல்லவி வருகிறது. அவன் செத்தது அங்கேதான் தெரிகிறது. அதற்குமுன் படுக்கையருகே 1962 தேதியிட்ட கடிதங்கள். அவற்றில் ‘காதலிக்கிறேன்’ என்று வந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு. ‘உடைந்துபோனான்’ ரகச் சொற்களை நம்பியிருந்தால் இந்த அடிக்கோட்டுக்கு இடம் இருந்திருக்காது. (அவ்வளவு அழுகையும் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது.) பல்லவிக்குப் பிறகும் சொல்ல ஒரு சேதி வேண்டுமே, கடைசியாக அவனைப் பார்க்க அவள் வருகிறாள். தயாரிப்பாளர் பில்லி ஷெரில் கேட்டு வாங்கிய பகுதி அது. மெட்டில்லாமல் பேச்சாகவே வரும்.

எழுத உட்காருமுன் ஒவ்வொரு சரணத்தையும் ஒரே வாக்கியத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் இரண்டையும் இடம் மாற்றினாலும் கதை நிற்கிறதென்றால் இரண்டாவது வேலை செய்யவில்லை. சரணத்துக்கு எட்டு வரி, பல்லவிக்கு நாலு. மூன்றரை நிமிடத்துக்கு அது தாராளம். ஆட்களுக்கெல்லாம் பெயர் வைக்காதீர்கள், பாட்டுக் கேட்பவர் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது. மூன்றாவது தடவை பல்லவியை முழுசாகப் பாடாமல், அந்தச் சாவி வரியை மட்டும் பாடி நிறுத்திப் பாருங்கள்.