விடுதிக்குப் பெட்டி கட்டுவது: கேள்வி பதில்

முதலாண்டு சேரும் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவை. தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளை மனதில் வைத்துச் சொன்ன பதில்கள்.

கே: மேடம், பையனுக்கு 4 அங்குல ஃபோம் மெத்தை வாங்கலாமா?

ப: கட்டிலை அளந்துவிட்டீர்களா? கடையில் சிங்கிள் மெத்தை 3 அடி அகலம். விடுதிக் கட்டில் பல இடங்களில் இரண்டரை அடிதான். அளவு சரியாக இருந்தாலும் ஃபோம் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. இலவம்பஞ்சு மெத்தை என்றால் சுருட்டி பஸ்ஸில் ஏற்றலாம், மொட்டைமாடி வெயிலில் போடலாம். விரிப்பு இரண்டு போதும்.

கே: மூட்டைப்பூச்சி இருக்குமாமே?

ப: மெத்தையை விரிக்கும் முன் செல்போன் டார்ச் அடித்துக் கட்டிலின் மூலை, பலகை இடுக்கு, திருகாணித் துளை எல்லாம் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் அன்றைக்கே வார்டனிடம் சொல்லிவிடுங்கள். இரும்புக் கட்டில் என்றால் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றலாம். லீவில் அறை பூட்டித்தானே கிடந்தது என்று இருந்துவிடாதீர்கள். ரத்தமே கிடைக்காமல் மாதக்கணக்கில் தாங்கும் பூச்சி அது.

கே: தட்டு, டம்ளர்?

ப: மெஸ்ஸில் கேளுங்கள்.

கே: அக்கா, 1500 வாட் கெட்டில் வைத்துக்கொள்ளலாமா? எல்லா ரூமிலும் இருக்காம்.

ப: கணக்குப் போடு தம்பி. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். மேசை ஓரத்துச் சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக்கைக் கன்வெர்ட்டர் போட்டு அதில் செருகுவதுதான் வினை.

கே: நான் இ.இ.இ. மாணவன். அரை ஆம்பியர் கூடினால் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழாதே?

ப: விழாது. பயமே அதுதான். எம்சிபி காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. நீ 150 ரூபாய்க்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மெல்லிய வயரை அது காக்காது. அதே பாக்ஸில் இன்னொருவன் அயர்ன் பாக்ஸையும் செருகினால் 10 ஆம்பியர் தொடும். பிளக் லூசாக இருக்கும் இடத்தில் சூடேறி பிளாஸ்டிக் உருகும், அப்போதும் எம்சிபி சும்மா இருக்கலாம்.

கே: அப்போ 600 வாட் கெட்டில்?

ப: 2.6 ஆம்பியர். மின்சாரக் கணக்கில் பாஸ். வார்டன் கணக்கு வேறு, விடுதி விதியைப் படி.

கே: இண்டக்‌ஷன் அடுப்பு?

ப: மேலே இருப்பதைப் படியுங்கள்.

கே: பொடி, தொக்கு எவ்வளவு கொடுத்துவிடலாம்?

ப: பருப்புப்பொடி 200 கிராம், இட்லிப்பொடி 200 கிராம். ஒரே டப்பாவில் அடைக்காமல் சின்ன டப்பாக்களாகப் பிரியுங்கள். ஈரக் கரண்டி பட்டால் அந்த டப்பாவோடு போகும். தேங்காய் சேர்த்த பொடி வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும். தொக்கில் எண்ணெய் மேலே மிதக்க வேண்டும். நல்லெண்ணெய் பாட்டிலைத் துணிப்பெட்டியில் வைக்காதீர்கள்.

கே: மெத்தை எத்தனை அங்குலம் நல்லது மேடம்?

ப: கட்டிலை அளந்தீர்களா?

கே: சர்டிபிகேட்?

ப: டி.சி.யைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும். கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து, ஐந்து ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ் அசல் அறையில் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் அளவு போட்டோ பத்து.

கே: கொசுவலையா, லிக்விடா?

ப: வலை. டெங்கு கொசு பகலில் கடிக்கும், மத்தியானத் தூக்கத்துக்கும் கட்டிக்கொள்ளுங்கள். கட்டிலில் கம்பி இருக்காது. 10 மீட்டர் நைலான் கயிறு வாங்குங்கள், ஐப்பசி மழையில் அறைக்குள் துணி காயப்போடவும் அதுதான்.

கே: மெத்தை…

ப: அளவு நாடா எடுத்துப் போங்கள்.