எட்டு ஃபார்முலா மனப்பாடம் வேணாம், நாலு போதும்

நெல்லிக்குப்பத்துலேர்ந்து ஒரு அப்பா கேட்டிருக்கார். பொண்ணு பிளஸ் ஒன், ஸ்டேட் போர்டு, ட்ரிக்னாமெட்ரில பெருக்கலைக் கூட்டலா மாத்துறது, கூட்டலைப் பெருக்கலா மாத்துறதுன்னு எட்டு ஃபார்முலாவையும் ராத்திரி கடகடன்னு ஒப்பிக்கிறா, காலைல டெஸ்ட்ல பிளஸ் மைனஸ் மாறிப்போகுது, கடலூர்ல ஒருத்தர் ஷார்ட்கட் நோட்ஸோட ஸ்பெஷல் கிளாஸ்ல சேத்துவிடறேங்கிறார், சேக்கலாமா?

சேக்காதீங்க சார். அந்த எட்டும் ஏற்கெனவே படிச்ச சைன் (ஏ±பி), காஸ் (ஏ±பி)ங்கிற நாலுக்குள்ளயே இருக்கு. சைன் (ஏ+பி), சைன் (ஏ−பி) ரெண்டையும் விரிச்சு எழுதி கூட்டச் சொல்லுங்க, நடுவுல உள்ளது அடிபட்டு 2 சைன் ஏ காஸ் பி மட்டும் மிஞ்சும். கழிச்சா இன்னொண்ணு. காஸுக்கும் இப்படியே, நாலு வந்துடும். அதுலயே ஏ+பி, ஏ−பி ரெண்டையும் ரெண்டு தனிக் கோணமா வெச்சுத் திருப்பிப் படிச்சா மிச்ச நாலு. ரஃப் பக்கத்துல ரெண்டு நிமிஷ வேலை, தினம் ஒரு தடவை போட்டா மறக்கவே மறக்காது.

மாட்டிக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான், காஸ் மைனஸ் காஸ். இதுல மட்டும் முன்னாடி மைனஸ் வரும், ரெண்டு சைன் வரும். சந்தேகம் வந்தா நம்பர் போட்டுப் பாக்கணும்: காஸ் 60° − காஸ் 0°ன்னா அரை மைனஸ் ஒண்ணு, அதாவது −1/2. ஃபார்முலால ஒரு கோணம் ரெண்டையும் கூட்டிப் பாதி, இன்னொண்ணு கழிச்சுப் பாதி, ஆக −2 சைன் 30° சைன் 30°, அதுவும் −1/2. மைனஸை விட்டுட்டா பிளஸ் அரைன்னு வந்து தப்பு அங்கயே தெரிஞ்சிடும். இந்த செக்கை எந்த ஷார்ட்கட் நோட்ஸும் சொல்லித்தராது, ஏன்னா சொல்லிட்டா நோட்ஸ் விக்காது.

ஸ்கூல் கேட்ல நோட்டீஸ் குடுத்து "சென்டம் கேரண்டி"ன்னு பேசி ஆள் சேக்கிறவங்களுக்கு தலைக்கு இவ்ளோன்னு கமிஷன் சார், உங்க பொண்ணு மார்க்கைப் பத்தி அவங்களுக்கு என்ன கவலை. பாண்டில கவர்மென்ட் ஸ்கூல் சிபிஎஸ்இக்கு மாறினதும் "அது வேற மெட்டீரியல்"னு தனியா விக்கிறாங்க, ஃபார்முலா அங்கயும் இதேதான். விடை மட்டும் போட்டிருக்கிற ஜெராக்ஸையும் வாங்காதீங்க, அஞ்சு மார்க் கணக்குல ஸ்டெப்புக்குத்தான் மார்க்.

பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டிட்டு பிளஸ் டூ நடத்துற பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்கு பப்ளிக் எக்ஸாமே கொண்டு வந்தாங்க, இப்போ 2025-26லேர்ந்து அதையும் எடுத்தாச்சு, இனி இந்தப் பாடத்தை எத்தனை தனியார் ஸ்கூல் ஒழுங்கா நடத்தும்னு எனக்கு நம்பிக்கையே இல்ல, ஆனா ஜேஇஇ இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுல பிளஸ் ஒன் கணக்கைக் கேக்கத்தான் செய்வாங்க. அதனால வீட்ல நீங்கதான் விடாம பாக்கணும்.

கணக்கு போடும்போது எந்த ரெண்டைச் சேக்கிறதுங்கிறதுலதான் சூட்சுமம். சைன் 10° + சைன் 50° − சைன் 70° எவ்ளோன்னு கேட்டா, முதல் ரெண்டையும் சேக்கணும்: 2 சைன் 30° காஸ் 20°. சைன் 30° அரைங்கிறதால வெறும் காஸ் 20°, அதுவே சைன் 70°, கழிச்சா பூஜ்யம். கூட்டிப் பாதியாக்கினா 30, 45, 60 மாதிரி தெரிஞ்ச கோணம் வர ஜோடியைத் தேடச் சொல்லுங்க. ஒண்ணு சைன், ஒண்ணு காஸ்னு கலந்து வந்தா, முதல்ல காஸோட கோணத்தை 90லேர்ந்து கழிச்சு சைனாக்கிட்டு ஆரம்பிக்கணும்.

இன்னிக்கே சைன் 75° + சைன் 15° போடச் சொல்லுங்க, புக்கைப் பாக்காம. √6/2 வரணும்.