கணினிக் கேள்வி பதில்: புதுச் சிப் வரட்டும் என்று பொறுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிப்பு தொடங்குகிறது. கணினிக்கு 2,000 சிங்கப்பூர் வெள்ளி எடுத்து வைத்திருக்கிறேன். அவனோ, "தனி கிராபிக்ஸ் கார்டெல்லாம் பழசாகப் போகுதும்மா. இன்டெலும் என்விடியாவும் சேர்ந்து ஒரே சிப் கொண்டுவரப் போறாங்க, பொறுத்து வாங்குவோம்" என்கிறான். பொறுக்கலாமா ஐயா?
– ஓர் அம்மா, தெம்பனிஸ்

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. வகுப்பு தொடங்கும் முன்பே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மகன் சொல்லும் செய்தி உண்மைதான். 2025 செப்டம்பர் 18ஆம் தேதி இரண்டு நிறுவனங்களும் அறிவித்தன. இன்டெலில் என்விடியா 5 பில்லியன் அமெரிக்க டாலர் போடும். இன்டெல் பிராசசரோடு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் சேர்ந்து வரும். எனக்கும் அதன் மேல் பெரிய ஆசை உண்டு. ஆனால் அது எப்போது கடைக்கு வரும் என்று அந்த அறிவிப்பில் தேதி சொல்லவில்லை. முன்பு நடந்ததையும் பாருங்கள். இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி 2006இல் கிராபிக்ஸ் சிப் செய்த ஏடிஐ நிறுவனத்தை வாங்கியபோதே, பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில் வரும் என்று சொல்லிவிட்டது. அந்தச் சிப் வந்தது 2011இல். 2006இல் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்த ஒரு பையன் அதற்குள் டிப்ளோமா வாங்கி, தேசிய சேவைச் சீருடையும் போட்டிருப்பான்.

சரி, நாளைக்கே வந்துவிட்டால்? அப்போதும் நான் முதலில் பார்ப்பது நினைவகத்தின் வேகத்தைத்தான். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குப் பொதுவாகத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் பொது நினைவகமான ரேமைத்தான் பிராசசரோடு பங்கு போட்டுக்கொள்ளும். இன்றைய மேசைக்கணினியில் டிடிஆர்5-6000 என்ற வகை ரேம் இரண்டு பட்டை போட்டால், கணக்குப்படி நொடிக்கு 96 ஜிகாபைட் போய்வரும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டில் அதுவே 448. சிப் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், தரவு வந்து சேரும்வரை அது சும்மாதான் இருக்க வேண்டும். இந்த இடைவெளியைக் குறைக்க ஏஎம்டி உண்மையிலேயே நல்ல முயற்சி செய்திருக்கிறது. 2025 ஜனவரியில் அறிவித்த ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 சிப்பில் நினைவகப் பாதையை இரட்டிப்பாக்கி, நொடிக்கு 256 ஜிகாபைட் வேகம் கொண்டுவந்தார்கள். 128 ஜிபி வரை ரேம் வைக்கலாம். மூன்று நான்கு ஆண்டில் மாணவர்களுக்கான கணினியெல்லாம் அந்த வழியில்தான் போகும் என்பது என் நம்பிக்கை. ஆனால் அந்த ரேம் போர்டிலேயே பற்றவைத்து வருவது, பிறகு கூட்ட முடியாது. அந்தச் சிப் உள்ள மடிக்கணினிகளின் விலையும் உங்கள் 2,000 வெள்ளியைத் தாண்டும்.

பணம் கட்டும் முன் கல்லூரியில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மடிக்கணினி கட்டாயமா? இல்லை என்றால் மேசைக்கணினியே வாங்குங்கள். ஏஎம்5 மதர்போர்டு (ஏஎம்டியின் இப்போதைய பிராசசர்களைச் செருகும் சாக்கெட் உள்ள போர்டு), 16 ஜிபி நினைவகம் உள்ள கார்டு. இந்த 16 என்ற எண்ணில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் இருக்கிறது, 16 ஜிபியும் இருக்கிறது. வெளியானபோது அமெரிக்க விலையில் 50 டாலர்தான் வித்தியாசம் (379, 429, நம் 9 விழுக்காடு பொருள் சேவை வரி தனி). பெட்டியில் அந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். "ரெண்டர் பாதியில நின்னுடுச்சு" (காட்சியைக் கணினி படமாக்கும் வேலைதான் ரெண்டர்) என்று நாளை சமர்ப்பிக்க வேண்டிய பிள்ளைகள் இரவில் என்னைக் கூப்பிடும்போது, பெரும்பாலும் காட்சி 8 ஜிபிக்குள் அடங்காமல் போயிருக்கும். மகனுக்கு அந்த இரவு வேண்டாம்.

ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027க்கு அப்பாலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னால் நல்ல பிராசசர் வந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: கிராபிக்ஸ் சேர்ந்த பிராசசரே எனக்குப் போதும், கணக்கு வேலையும் யூடியூபும்தான். ஆனால் ரேம் விலை ஏறிவிட்டது, ஒரு பட்டை மட்டும் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். விலை ஏறியது உண்மையா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உண்மை. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. உலகில் ரேம் சிப் பெருமளவில் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர்தான். அதில் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் ரேமை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. உங்கள் வட்டாரத்திலேயே மைக்ரான் ஆலை இருந்தாலும், இங்கே முக்கியமாகச் செய்வது சேமிப்புக்கான நேண்ட் சிப்.

ஆனாலும் ஒரு பட்டை போடாதீர்கள். மேலே சொன்ன 96 அப்படியே 48 ஆகிவிடும். உங்கள் கணினியில் கிராபிக்ஸும் அந்த ரேமைத்தான் நம்பியிருக்கிறது. 16 ஜிபி ஒரே பட்டைக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி கேளுங்கள். வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் இருந்தால் இன்னும் நல்லது: ஏஎம்டியின் பழைய சாக்கெட்டான ஏஎம்4 போர்டும், கிராபிக்ஸ் சேர்ந்த ரைசன் 5 5600ஜி பிராசசரும் வாங்கி, அதையே போட்டுவிடலாம். உங்கள் வேலைக்குத் தாராளம்.

கேள்வி: என் கணினியில் 550 வாட் பவர் சப்ளை இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5090 போடலாமா?
– வாசகர், பொங்கோல்

பதில்: கூடாது. அந்தக் கார்டு மட்டுமே 575 வாட் கேட்கும். 1,000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது.

கேள்வி: அண்ணா, இப்போதுதான் தேசிய சேவையில் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் 5600ஜி கணினி, 8 ஜிபி ஒரே பட்டை. மாதப்படியைச் சேர்த்து இப்போதே ஒரு கார்டு வாங்கவா, சேவை முடியும்வரை பொறுக்கவா?
– தம்பி ஒருவர், ஈசூன்

பதில்: நீங்கள் பொறுங்கள் தம்பி. தெம்பனிஸ் அம்மாவின் மகனுக்குக் கணினி தினமும் வேண்டும்; முகாமில் இருக்கும் உங்களுக்கு வார இறுதிக்குத்தான் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 30 வரிசை 2020 செப்டம்பர், 40 வரிசை 2022 அக்டோபர், 50 வரிசை 2025 ஜனவரி. இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஒரு வரிசை என்று வந்திருக்கிறது. நீங்கள் சேவை முடித்து வரும்போது இப்போதைய கார்டுகளை யாராவது கொஞ்ச காலம் பயன்படுத்திவிட்டு விற்றுக்கொண்டும் இருக்கலாம். அப்போது எந்தப் படிப்பு, எந்த விளையாட்டு என்று உங்களுக்கும் தெளிவு வந்திருக்கும்.

அதுவரை, இருக்கும் பட்டையின் வேகத்திலேயே இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4, பழையதாக இருந்தாலும் சரி, வாங்கிச் செருகுங்கள். மதர்போர்டு கையேட்டில் எந்த இரண்டு துளை என்று போட்டிருக்கும். நான்கு துளை இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும். அதற்கப்புறம் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் வசதியை, ஆன் செய்ய மறக்காதீர்கள்.